கல்லும் பட்டியும்

ரசிகனின் துக்கத்தைப் பற்றி நமக்கு ஒரு இளக்காரம் உண்டு. முன்பின் பழகியிராத ஒரு ஆட்டக்காரன் செத்ததற்கு அழுகிறவன் ஒன்று நடிக்கிறான், இல்லையென்றால் கழிந்துபோன தன் இளமைக்காக அழுகிறான் என்று சொல்லிவிடுவோம். இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் பழக்கமில்லாத ஒருவனுக்காக ஊர் கூடித் துக்கிப்பது கால்பந்தோடு வந்த காரியமல்ல. தர்மபுரிச் சீமையில் அதற்குக் கல்லில் சாட்சி இருக்கிறது.

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் வழியில் அதியமான்கோட்டை. பழைய தகடூர் நாடு. அதியமான் நெடுமான் அஞ்சியின் சாவுக்கு ஔவை பாடியவை புறநானூற்றில் 231, 232, 235-ஆம் பாட்டுகளாக இருக்கின்றன. 1894-இல் சாமிநாதையர் பதிப்பு வந்ததிலிருந்து இவற்றைத் தமிழ்க் கையறுநிலையின் உச்சம் என்று படித்து வருகிறோம். இவை பழகியவளின் துக்கம். அவனோடு உண்டவள், அவன் கையால் பரிசில் வாங்கியவள் பேசுகிறாள். 232-ஆம் பாட்டு அவனுக்கு நட்ட கல்லின் முன்னால் நிற்கிறது. பீலி சூட்டிக் கள் படைக்கும் சடங்கை மனம் ஒப்பாமல் பார்க்கிறது. பழகியவளுக்குக் கல் போதவில்லை.

கல் போதுமானதாக இருந்தது வேறு ஆட்களுக்கு. தர்மபுரிப் பகுதியிலும் செங்கத்தைச் சுற்றியும் கிடைத்த பல்லவர் காலத்து நடுகற்களைப் பாருங்கள். கையில் வில்லும் வாளுமாக ஒரு உருவம். மேலே சில வரிகள்: இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னாருடைய சேவகன் இன்னான், தொறு கொள்ள வந்தபோது மீட்டுப் பட்டான். அவ்வளவுதான். கண்ணீர் கிடையாது, உவமை கிடையாது. பெயர், ஊர், காரியம். எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு நின்ற நாய்க்கும் பெயர் இருக்கிறது: கோவிவன். கல்லை நட்டவர்களில் எத்தனை பேர் அந்த வீரனோடு பேசிப் பழகியிருப்பார்கள்? மாடு திரும்பி வந்தது. அந்தக் கடன் போதும், துக்கிப்பதற்கு.

இனி கால்பந்துக்கு வருவோம். 2018 அக்டோபர் 20-ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில் காலியா குலோத்துங்கன் இறந்தார். தஞ்சாவூர்க்காரர், நடுக்கள ஆட்டக்காரர். கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் மூன்றுக்கும் ஆடியவர். அவருக்கான இரங்கலில் திரும்பத் திரும்ப வந்தது ஒரே காரியம்: 2003 ஜூலை 26, ஜகார்த்தா. ஆசியான் கிளப் கோப்பை இறுதியாட்டத்தில் தாய்லாந்தின் பெக் தெரோ சாசனாவை 3-1 என்று ஈஸ்ட் பெங்கால் வென்றது. அந்த அணியில் இருந்தவர். கோல் போட்டவர்கள் வேறு மூன்று பேர். பெயர், ஊர், காரியம். வங்காளி ரசிகன் தஞ்சாவூர்க்காரருக்கு எழுதிய இரங்கலின் இலக்கணம், தன்னை அறியாமலே, நடுகல்லின் இலக்கணம்.

கல்லாகிவிட்ட வேறு பொருள்களும் உண்டு. 2004 டிசம்பர் 5-ஆம் தேதி பெங்களூரில் ஃபெடரேஷன் கோப்பை இறுதியாட்டத்தில் டெம்போவின் கிறிஸ்டியானோ ஜூனியர் இரண்டு கோல் போட்டுவிட்டு, கோல்கீப்பரோடு மோதி விழுந்து இறந்தார். அவருடைய 10-ஆம் எண் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று டெம்போ கிளப் முடிவு செய்தது. எண்ணும் ஒரு கல்தான்.

ஆனால் நடுகல்லில் நாம் சுலபமாக மறந்துவிடும் ஒரு வரி இருக்கிறது. வடதமிழகத்துக் கற்கள் சிலவற்றில், பட்டவனுடைய குடும்பத்துக்கு நிலம் விட்ட செய்தி வருகிறது. உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் அதற்குப் பெயர். இரண்டும் ஒன்றுதான்: ரத்தத்துக்கு ஈடான நிலம். ஊர் துக்கித்தது, பிறகு வரப்பு அளந்து கொடுத்தது. துக்கம் மெய்யானதா என்ற கேள்விக்கு அந்தக் காலத்து விடை இந்த வரப்பு.

பழைய ஆட்டக்காரனின் விஷயத்தில் இந்தக் கேள்வி இன்னும் உறைக்கிறது. ஆட்டத்தை விட்ட அன்று அவன் ஒருமுறை செத்துவிடுகிறான். அதற்குப் பிறகு எப்படிப் பிழைத்தான் என்பது பெரும்பாலும் சாவுச் செய்தியோடுதான் நமக்குத் தெரிய வருகிறது. 2019 டிசம்பர் 29-ஆம் தேதி மலப்புறம் மாவட்டம் பெரிந்தல்மண்ணாவில் ஆட்டத்தின் நடுவே நெஞ்சு நின்று இறந்தார் பாலக்காட்டுக்காரர் ஆர். தனராஜன். வயது 39. அவரும் கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் தடுப்பாட்டக்காரராக ஆடியவர். இறந்தது செவன்ஸ் ஆட்டத்தில். பக்கத்துக்கு ஏழு பேராக, தற்காலிக காலரி கட்டி, மலபாரில் இரவு நேரத்தில் நடக்கும் ஆட்டம். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கைக்காசு கிடைக்கும்.

அவர் குடும்பத்துக்குப் பணம் திரட்ட 2020 ஜனவரி 19-ஆம் தேதி பாலக்காடு நூரணியில் ஒரு காட்சி ஆட்டம் ஏற்பாடாயிற்று. ஐ.எம். விஜயன், பாய்சுங் பூட்டியா போன்றவர்கள் வருவதாக இருந்தது. ஆட்டம் தொடங்குமுன் தற்காலிக காலரி சரிந்து பலர் காயம்பட்டார்கள். இதில் விதியைத் தேட நான் தயாரில்லை, கட்டுமானக் கோளாறுதான். நான் பார்ப்பது வேறு. அந்தப் பலகைகளில் அன்று உட்கார்ந்திருந்தவர்கள் டிக்கெட் வாங்கியவர்கள். ஆளுக்கு ஒரு துண்டு உதிரப்பட்டி கொண்டு வந்தவர்கள். இவர்களுடைய துக்கத்தை நடிப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

கல்கத்தாவில் இன்னொன்று. 1980 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஈடன் கார்டன்ஸில் ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான் ஆட்டத்தில் நடந்த கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் செத்தார்கள். ஆண்டுதோறும் அந்தத் தேதியைக் கால்பந்து ரசிகர் தினமாக வைத்து ரத்ததானம் செய்கிறார்கள். உதிரப்பட்டி என்ற சொல்லை அவர்கள் கேட்டிருக்க நியாயமில்லை. காரியம் அதுதான்.

ஔவையின் பாட்டை நாம் கொண்டாடுகிறோம், பெயர் தெரியாத ஊரார் நட்ட கல்லைத் தொல்லியல் துறைக்கு விட்டுவிட்டோம். இலக்கியத்தில் துக்கம் என்றால் நமக்குத் தனி மனிதக் குரல்தான். அதனால்தான் ரசிகனின் அழுகை நமக்கு மலினமாகப் படுகிறது. நம் வீட்டையும் பார்த்துக்கொள்ளலாம். ஒரு எழுத்தாளன் செத்தால் சிறுபத்திரிகை அஞ்சலி இதழ் போடுகிறது. அவனோடு டீ குடித்த கதையை எட்டுப் பேர் எழுதுகிறார்கள். அவன் குடும்பம் அடுத்த மாத வாடகைக்கு என்ன செய்தது என்பது எந்த இதழிலும் இருப்பதில்லை. எல்லோரும் ஔவையாகிவிட்டோம். வரப்பு அளக்க ஆளில்லை.