மணமுறிவுக்குப் பின் அடமான வீட்டின் விற்பனை (இந்தியா)

கணவனும் மனைவியும் வாழ்ந்த வீட்டின் மீது வங்கிக் கடனோ நீதிமன்றம் விதித்த பொறுப்போ தீராமல் இருக்கையில், மணமுறிவுக்குப் பின் அந்த வீட்டைக் கிரயம் செய்வது இது. மணமுறிவுத் தீர்ப்பு திருமணத்தை முடிக்குமே தவிர கடனை முடிக்காது. இருவரும் கையெழுத்திட்ட கடனுக்கு, 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, எவரிடமிருந்தும் முழுத் தொகையையும் வங்கி கேட்கலாம்.

வீட்டின் மீதான இத்தகைய வில்லங்கங்களில் முதன்மையானது மூலப்பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடன். பத்திரத்தைக் கொடுத்தாலே ஈடு உண்டாகும் என்ற நெறியை இங்கிலாந்து நீதிமன்றம் 1783இல் ரசல் எதிர் ரசல் வழக்கில் ஏற்றது. சென்னையிலிருந்து சென்ற மேல்முறையீடு ஒன்றில் 1862இல் பிரிவி கவுன்சிலும் அதை ஒப்புக்கொண்டது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இவ்வசதியைக் கல்கத்தா, சென்னை, பம்பாய், கராச்சி, ரங்கூன் முதலிய வணிக நகரங்களோடு நிறுத்தியது. நிலம் எந்த ஊரிலும் இருக்கலாம். பத்திரம் கைமாறும் இடம் அந்நகருக்குள் இருக்க வேண்டும். 1929ஆம் ஆண்டுத் திருத்தம் இதை 58ஆம் பிரிவில் சேர்த்தது. பின்னர் அரசு அறிவிக்கைகளால் பிற ஊர்களுக்கும் பரவியது.

அடுத்தது ஜீவனாம்சத்துக்காக நீதிமன்றம் தன் உத்தரவால் வீட்டின் மீது விதிக்கும் பொறுப்பு. இந்து திருமணச் சட்டம் (1955) 25ஆம் பிரிவும் சிறப்புத் திருமணச் சட்டம் (1954) 37ஆம் பிரிவும் அதற்கு இடம் தருகின்றன. பெண்ணுக்குக் கிடைத்த மிக வலுவான பிடி இதுவே. ஆயினும் வங்கியின் ஈடு காலத்தால் முந்தியதாயின் அதற்கே முதலிடம். விலை கொடுத்து வாங்கியவர் பொறுப்பை அறியாதவராயின், சொத்து மாற்றுச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி அது அவரைக் கட்டுப்படுத்தாது. ஆகவே அந்த உத்தரவைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து வில்லங்கச் சான்றில் ஏற்றுவது இன்றியமையாதது. அதைச் செய்யாமல் விடுவதால்தான் பல பெண்கள் வென்ற வழக்கின் பயனை இழக்கிறார்கள்.

வீடு பத்திரத்தில் பெயருள்ளவருக்கே உரியது. திருமணத்தையொட்டி இருவருக்கும் பொதுவாக அளிக்கப்பட்டவற்றை மட்டுமே 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தொடும். வீட்டை விற்காமல் தடுக்கும் உத்தரவை 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் கோரலாம்.

தற்காலத்தில் வாங்குபவர் நிலுவையை நேரே வங்கியில் கட்டி, ரத்து ரசீது பதிவானதும் மூலப்பத்திரத்தைப் பெறுகிறார். மீதித் தொகை தீர்ப்பின்படி பிரிகிறது. தவணை நின்று கடன் வாராக்கடனானால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் அறிவிப்புக்குப் பின் வங்கி வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம்.