முன்னோடிக் குடும்ப ஆவணங்களும் வட்டார வரலாறும்: ஹுவானிட்டா புரூக்ஸின் பணி

வட்டார வரலாற்றாளர் தம் முன்னோரைப் பற்றி எழுதினால் அது புகழுரையாகவே முடியும் என்னும் ஐயம் ஆய்வுலகில் பரவலாக உண்டு. அமெரிக்காவின் தெற்கு யூட்டா வரலாற்றை எழுதிய ஹுவானிட்டா புரூக்ஸின் (1898–1989) பணி அவ்வையத்திற்கு வலுவான மறுப்பாகும்.

நெவாடா மாநிலத்தின் பங்கர்வில் என்னும் மார்மன் குடியேற்றத்தில் பிறந்த புரூக்ஸ், அப்பகுதியின் முன்னோடிக் குடியேறிகளுள் ஒருவரான டட்லி லீவிட்டின் பேத்தி ஆவார். 1930களின் பெருமந்தக் காலத்தில், அரசின் துயர்தணிப்பு நிதியைக் கொண்டு செயின்ட் ஜார்ஜ் நகரப் பெண்களைப் பணியமர்த்தி, குடும்பங்களிடம் இருந்த நாட்குறிப்புகளைத் தட்டச்சுப் படிகளாக்கினார். பின்னர் கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் நூலகத்திற்காகவும் அவற்றைத் தேடித் திரட்டினார். அயலாருக்கு எளிதில் கிட்டாத ஏடுகள் இவருக்குக் கிட்டியதில் உறவுக்கும் பங்குண்டு.

அவ்வுறவே பெருஞ்சுமையும் ஆயிற்று. 1857 செப்டம்பர் 11 அன்று, ஆர்கன்சாவிலிருந்து கலிஃபோர்னியா நோக்கிச் சென்ற வண்டித்தொடரினர் ஏறத்தாழ 120 பேர் மவுண்டன் மெடோஸ் என்னுமிடத்தில் கொல்லப்பட்டனர். வெள்ளைக்கொடி காட்டிப் பாதுகாப்பளிப்பதாக உறுதி கூறியவர்கள் மார்மன் குடிப்படையினர். இளங்குழந்தைகள் 17 பேரே எஞ்சினர். பழி பெரிதும் பையூட் பழங்குடியினர் மீது சுமத்தப்பட்டது. தண்டனை பெற்றவர் ஜான் டி. லீ ஒருவரே, அவர் 1877இல் அதே இடத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இதில் பங்கேற்ற நெஃபி ஜான்சன் என்னும் முதியவர், இளம் ஆசிரியையாக இருந்த புரூக்ஸிடம் தாம் கண்டதை எழுதித் தருமாறு வேண்டினார். அவர் காலந்தாழ்த்திச் சென்றபோது முதியவர் நினைவு தடுமாறி மரணப்படுக்கையில் கிடந்தார். எழுதப்படாத அச்சாட்சியமே பிற்கால ஆவணத் தேடலுக்குத் தூண்டுதலாயிற்று எனலாம்.

1950இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ‘மவுண்டன் மெடோஸ் படுகொலை’ என்னும் அவரது நூல் எவரையும் அரக்கராக்கவில்லை. கொலைக்குத் திருச்சபைத் தலைவர் பிரிகம் யங் ஆணையிடவில்லை. ஆயினும் தலைவர்களின் போர்க்காலப் பேச்சுகள் அதற்கான சூழலை உருவாக்கின, பின்னர் உண்மையை மறைப்பதில் யங்கிற்குப் பங்கிருந்தது என்பதே அவர் முடிவு. இவ்வேறுபாட்டைக் காத்த நிதானமே நூலின் வலிமை. திருச்சபை தன்வசமிருந்த வாக்குமூலங்களைக் காட்ட மறுத்தது. அம்மறுப்பையும் நூலிலேயே பதிவு செய்தார். ஊரார் பலர் ஒதுக்கியபோதும் அவர் திருச்சபையை விட்டு விலகவில்லை.

லீயின் நாட்குறிப்புகளை 1955இல் ராபர்ட் கிளாஸ் கிளீலண்டுடன் இணைந்து பதிப்பித்தார். 1961இல், லீ இறந்து 84 ஆண்டுகளுக்குப் பின், திருச்சபை அவரது உறுப்புரிமையை மீட்டளித்தது.