ஏரிக்கரையும் எறையூர் ஆலையும்

வாலிகண்டபுரத்துப் பெண்களுக்கு இன்று இரண்டு வேலைகள் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்று, 2008இல் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்த நூறு நாள் வேலை. மற்றது, எறையூர் சிப்காட்டில் 2023 நவம்பரில் உற்பத்தி தொடங்கிய காலணி ஆலை. இவை தவிர, பருத்தி எடுப்பும் சின்ன வெங்காய அறுப்பும் என்றும் உண்டு. அங்கே உரிமை என்ற பேச்சே எழுவதில்லை.

காசைப் பார்த்தால் ஆலைதான். மாதச் சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் உண்டு. நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளுக்கு 336 ரூபாய். அதுவும் கைக்கு வரும்போதுதான் நிச்சயம்.

பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்டால் கணக்கு மாறுகிறது. ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வேலையிடத்துக்கு வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி, மற்றவர்களுக்குரிய அதே கூலியை அவருக்கும் தர வேண்டும் என்றது நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம். பிள்ளை பார்ப்பதும் வேலைதான் என்று கூலி போட்டே ஒப்புக்கொண்ட சட்டம் இது. இந்த வேலை நடக்கும் ஏரிக்கரைகளில் இந்த விதியை யாரும் நினைவூட்டுவதில்லை என்பது வேறு கதை. வேலை ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதும் வீட்டை மனதில் வைத்து எழுதியதே. ஆனால் 2023 முதல் நாளுக்கு இரண்டு முறை போட்டோ வருகைப்பதிவு கட்டாயமானதும், இடையில் வீட்டுக்கு ஓடிவரும் வழி அடைபட்டது.

ஆலைத் தொழிலாளருக்கான சட்டங்கள் பிரசவத்தை நன்றாகவே கவனிக்கின்றன. ஈ.எஸ்.ஐ. சந்தா 70 நாளுக்குக் கட்டியிருந்தால், முதல் இரண்டு பேறுகளுக்கு 26 வாரச் சம்பளப் பணம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம். தாய் தினம் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். ஆனால் ஷிப்ட் வண்டி யாருக்காகவும் நிற்காது. ஏஜென்ட் வழியாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு, சந்தா கட்டினார்களா என்பதே பல நேரம் தெரியாது.

படுக்கையில் விழுந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ளத் தனி விடுப்போ கூலியோ இரண்டு வேலைக்குரிய சட்டங்களிலும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளில் நூறு நாள் வேலையில் கூலி போகும்; சம்பள விடுப்பு கையில் இல்லாவிட்டால் ஆலையிலும் அதே கதைதான்.

என் கணிப்பில், வருமானத்தில் ஆலை மேல். பராமரிப்பை உழைப்பாக மதித்ததில் நூறு நாள் சட்டம் மேல். ஆலைக்குப் போகும் பெண்கள் முதல் மாதமே சம்பளச் சீட்டையும் ஈ.எஸ்.ஐ. எண்ணையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காப்பகம் எங்கே என்றும் கேளுங்கள்.