கருத்து வரைபடம்

ஒரு பொருளைப் பற்றிய கருத்துகளைக் கட்டங்களில் எழுதி, கட்டங்களைக் கோடுகளால் இணைத்து, எப்படிப்பட்ட உறவு என்பதை ஒவ்வொரு கோட்டின் மேலும் சொற்களால் குறிக்கும் படம் கருத்து வரைபடம். இதைக் கணினியில் வரைவதற்கென்றே உருவான மென்பொருள் சீமேப்டூல்ஸ்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக்கும் அவருடைய குழுவினரும் 1972இல் இம்முறையை வகுத்தனர். பள்ளிப் பிள்ளைகளின் அறிவியல் புரிதல் எப்படி வளர்கிறது என்பதை அவர்கள் 12 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பிள்ளைகளிடம் எடுத்த நேர்காணல்கள் பக்கம் பக்கமாகக் குவிந்தன. யாருக்கு எது புரிந்தது, எது மாறியது என்பதை அந்தக் குவியலிலிருந்து பிரித்தெடுக்க முடியவில்லை. அந்தத் தேவையில் பிறந்ததுதான் இந்தப் படம். ஏற்கெனவே தெரிந்ததோடு இணையும்போதுதான் புதிய அறிவு மனத்தில் தங்கும் என்ற உளவியலாளர் டேவிட் ஆசுபெலின் கொள்கை இதற்கு அடிப்படை. நோவாக்கும் பாப் கோவினும் 1984இல் எழுதிய நூல் இம்முறையை வகுப்பறைகளுக்குக் கொண்டுசென்றது.

தமிழ்நாட்டில் படைப்பாற்றல் கல்விமுறை வழியாக ஆசிரியர்களுக்குப் பழக்கமான மனவரைபடம் வேறு. அதில் நடுவில் ஒரு தலைப்பு இருக்கும். கிளைகள் அதிலிருந்து பிரியும். கோடுகளில் உறவு எழுதப்படுவதில்லை. கருத்து வரைபடத்தின் உயிரே கோட்டில் எழுதும் சொல்தான். ‘நீராவி’, ‘மேகம்’ என்று இரு கட்டங்களை வரைந்து கோடிழுக்க யாராலும் முடியும். ‘குளிர்ந்து உருவாக்குவது’ என்று இடையில் எழுதும்போதுதான் எழுதுபவருக்குப் புரிந்ததா என்பது வெளிப்படும். தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருவதால், ‘உருவாக்குவது’, ‘அடங்கியவை’ போன்ற வடிவங்களே இந்த இடத்தில் நன்றாகப் பொருந்துகின்றன.

சீமேப்டூல்ஸை உருவாக்கியது புளோரிடா மாநிலம் பென்சகோலாவிலுள்ள மனித, இயந்திர அறிதிறன் நிறுவனம். ஆல்பர்ட்டோ கான்யாஸ் இதில் முதன்மைப் பங்காற்றியவர். வெற்றுத் திரையில் இருமுறை சொடுக்கினால் கேள்விக்குறிகளோடு ஒரு கட்டம் தோன்றும். அதன் மேலுள்ள அம்புக்குறியைப் பிடித்து இழுத்தால் அடுத்த கட்டம் வரும். நடுவில், இணைப்புச் சொல்லுக்கான இடத்திலும் கேள்விக்குறிகள் நிற்கும். அவற்றை நிரப்பாதவரை படம் முடிவதில்லை. இந்த மென்பொருளின் மிகச் சிறந்த அம்சம் இதுவே. கட்டத்தோடு படம், காணொளி, வேறொரு வரைபடம் ஆகியவற்றையும் இணைக்கலாம். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் செவ்வாய்க் கோள் பற்றிய தகவல்களை ஜெஃப்ரி பிரிக்ஸ் இவ்வாறே தொகுத்தார். அனுபவமிக்க வானிலைக் கணிப்பாளர்களின் வட்டார அறிவைச் சேமிக்கவும், பனாமாவின் அரசுப் பள்ளிகளிலும் இது பயன்பட்டிருக்கிறது.

கட்டங்கள் பெருகப் பெருகக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி, படம் படிக்க முடியாமல் போகும். மென்பொருளில் கட்டம் சேர்ப்பது எளிது என்பதால் இந்தச் சிக்கல் கூடுதலாகவே வரும். புதிதாக வரைபவர்கள் முதலில் ஒரு மையக் கேள்வியை எழுதிக்கொண்டு, 15 முதல் 25 கருத்துகளுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.