ரயில் டிக்கெட்டில் பெயர் தவறாக இருந்தால் என்ன செய்வது?

2025ஆம் ஆண்டில் இடிஎஸ் மின்ரயில் சேவை சிகாமட், குளுவாங், ஆண்டிறுதியில் ஜொகூர்பாரு எனப் படிப்படியாகத் தெற்கே வந்து சேர்ந்தது. பல வீடுகளில் டிக்கெட் எடுக்கும் வேலை இப்போது பிள்ளைகளின் கைப்பேசியில்தான் நடக்கிறது. பாட்டி முதல் பேரன் வரை எல்லாருடைய விவரத்தையும் ஒருவரே அவசரமாகத் தட்டும்போது பிழை விழுந்துவிடுகிறது.

நம்மவர் பெயர்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிக்கொடுத்த பெயர் அப்படியே அடையாள அட்டை வரை வந்த குடும்பங்கள் உண்டு. முனியம்மா என்ற பெயருக்கு வீட்டில் இரண்டு ‘எம்’ போடுவார்கள்; அட்டையில் ஒன்றுதான் இருக்கும். டிக்கெட்டுக்கு அட்டையில் உள்ளதே சரி. ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ நடுவில் வரும் சாய்கோட்டைச் சில இணையப் படிவங்கள் ஏற்பதில்லை. கோட்டை மட்டும் விட்டுவிடலாம்; அதற்காக அப்பா பெயரையே வெட்டிவிட வேண்டாம்.

எழுத்துப் பிழையைவிட எண் பிழைதான் பெரிய தலைவலி. கணவர் பெயருக்கு நேரே மனைவியின் அடையாள அட்டை எண் விழுவது அடிக்கடி நடப்பது. மைகார்டின் 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. பணம் கட்டுமுன் அதை ஒரு பார்வை பார்த்தாலே மாறியது தெரிந்துவிடும்.

உட்லண்ட்ஸ் போகும் ஷட்டல் தெப்ராவ் ரயிலுக்குக் கடப்பிதழ் எண்ணும் அதன் காலாவதித் தேதியும் கேட்கப்படும். ஓட்டம் ஐந்தே நிமிடம்தான் என்றாலும் அது எல்லை தாண்டும் பயணம். கடப்பிதழைப் புதுப்பித்தால் எண் மாறும். செயலியில் முன்பு சேமித்த பழைய எண் தானாக வந்து உட்கார்ந்துகொள்வதைப் பலர் கவனிப்பதில்லை.

டிக்கெட் வந்த பிறகு பிழை தெரிந்தால்? எண் சரியாக இருந்து ஓரிரு எழுத்து மட்டும் தவறியிருந்தால், பயண நாளுக்கு முன்பே அடையாள அட்டையுடன் நிலைய முகப்பில் காட்டிக் கேட்பது நல்லது. ரயில் புறப்படும் நேரத்தில் வாசலில் நின்று விளக்கம் சொல்ல அவகாசம் இருக்காது. எண்ணோ ஆளோ மாறியிருந்தால், இருக்கை மிச்சமிருக்கும்போதே ரத்துச் செய்து புதிதாக எடுப்பதே பாதுகாப்பு. எவ்வளவு பணம் திரும்பும் என்ற விதியை, ரத்துப் பொத்தானை அழுத்துமுன் படித்துவிட வேண்டும். பள்ளி விடுமுறை வாரமென்றால் முதலில் வேறு இருக்கை கிடைக்கிறதா என்று பாருங்கள்.

உதவி கேட்டு டிக்கெட்டின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது தேவையற்ற வேலை. அதிலுள்ள கியூஆர் குறியீடுதான் உங்கள் பயண அனுமதி.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்கு அங்குள்ள உறவினர் ஐஆர்சிடிசி மூலம் டிக்கெட் எடுத்து வைப்பது வழக்கம். கூப்பிடும் பெயரை அவர்கள் போட்டுவிடாமல் இருக்க, கடப்பிதழ் பெயரை எழுத்து எழுத்தாக அனுப்பிவிடுங்கள். உறுதியான டிக்கெட்டைத் தாய், தந்தை, கணவர், மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஆகியோரில் ஒருவர் பெயருக்கு மாற்ற அங்கே வழி உண்டு. ஆனால் இணையத்தில் முடியாது. ரயில் புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பே முன்பதிவு முகப்புக்குப் போக வேண்டும், அதுவும் ஒரே ஒரு முறைதான். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்துச் செய்தால் பணம் திரும்பாது. ரயிலில் மூலக் கடப்பிதழைக் காட்ட முடியாவிட்டால், இ-டிக்கெட் கையில் இருந்தும் டிக்கெட் இல்லாத பயணியாகவே கணக்கு.