டிரெட்மில் டெஸ்டும் ஒரு பாதிரியாரின் கணக்கும்



போன மாதம் எங்கள் வீட்டில் ஒரே கலக்கம். தங்கை மகளுக்கு 31 வயது. நெஞ்சில் ஊசி குத்துவதுபோல் வலி. நடந்தாலும் உட்கார்ந்தாலும் ஒன்றுதான். பேக்கேஜ் பரிசோதனையில் டிரெட்மில் டெஸ்டும் எடுத்தாள். "பாசிட்டிவ்" என்று வந்தது. பத்து நாள் யாருக்கும் தூக்கமில்லை. பிறகு சி.டி. ஸ்கேனில் இதய ரத்தக்குழாய்கள் சுத்தமாக இருந்தன. "மெஷின் பொய் சொல்லுமா மாமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

1768-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் ஒரு வகை நெஞ்சுவலியை விவரித்தார். நடக்கும்போது, அதிலும் மேடேறும்போதோ சாப்பிட்டவுடன் நடந்தாலோ வரும், நின்றால் போய்விடும். 'ஆஞ்சைனா' என்ற பெயர் அவர் வைத்ததுதான். கருவி எதுவும் இல்லை. நோயாளி சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார், அவ்வளவுதான்.

1903-இல் ஐந்தோவன் இ.சி.ஜி. கருவியை அறிவித்தார். ஆனால் ஓய்வில் எடுக்கும் இ.சி.ஜி. பல நோயாளிகளுக்கு நன்றாகவே இருந்தது. அப்படியானால் வேலை கொடுத்துத்தானே பார்க்க வேண்டும்? 1929-இல் நியூயார்க்கின் ஆர்தர் மாஸ்டர் இரண்டு படிக்கட்டு வைத்து ஏறி இறங்கச் சொன்னார். 1963-இல் சியாட்டிலின் ராபர்ட் புரூஸ், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும் முறையை வெளியிட்டார். இன்றும் நம் ஊர் ஆய்வுக்கூடங்களில் 'புரூஸ் புரோட்டோகால்' அதுதான்.

அதற்குச் சரியாக 200 ஆண்டுகளுக்கு முன், 1763-இல், தாமஸ் பேய்ஸ் என்ற பாதிரியாரின் நிகழ்தகவுக் கட்டுரை அவர் இறந்தபின் வெளிவந்தது. 1979-இல் டயமண்ட், ஃபாரஸ்டர் என்ற மருத்துவர்கள் அந்தக் கணக்கை நெஞ்சுவலிக்குப் பொருத்தினார்கள். வயது, ஆணா பெண்ணா, வலியின் தன்மை இவற்றை வைத்து முதலில் நோய்க்கான வாய்ப்பை மதிப்பிடு. பிறகு டெஸ்ட் முடிவைப் படி என்றார்கள்.

கரும்பலகைக்கு வாருங்கள். இந்த டெஸ்ட் நோயுள்ள 100 பேரில் 70 பேரைப் பிடிக்கிறது, நோயில்லாத 100 பேரில் 25 பேரையும் தவறாகப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். என் மருமகள் போன்ற 1000 பேரில் 20 பேருக்கு நோய் என்றால், 14 பேருக்குச் சரியான பாசிட்டிவ். 245 பேருக்குத் தவறான பாசிட்டிவ்! இனி 900 பேருக்கு நோயிருக்கும் 1000 பேரை எடுங்கள். நார்மல் என்று வரும் 345 பேரில் 270 பேர் நோயாளிகள்.

என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் அந்த இரண்டாவது கூட்டம். சர்க்கரை, சிகரெட், மாடி ஏறினால் வலி. "டெஸ்ட் நார்மல் சார்" என்று சிரித்தார். நாலே மாதத்தில் மாரடைப்பு. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

ஆக, சந்தேகம் நடுத்தரமாக இருப்பவர்களுக்கும், நன்றாக நடக்கக்கூடியவர்களுக்கும், ஓய்வு இ.சி.ஜி. தெளிவாக இருப்பவர்களுக்கும்தான் இது அதிகம் பயன்படும். மற்றவர்களுக்கு எது சரியென்று மருத்துவர் சொல்லட்டும். இப்போதே நெஞ்சு அழுத்தி வியர்க்கிறதா? டிரெட்மில் பக்கமே போகாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

மெஷின் பொய் சொல்லவில்லை அம்மா. கேள்வி கேட்காமல் அதன்மேல் ஏறியது நாம்தான். ஹெபர்டன் கேட்ட கேள்விகளே இன்றும் முதல் டெஸ்ட்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்