பழைய தவறுக்கு இன்றைய கட்சி பொறுப்பா? 1984-ஐ முன்வைத்து

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

2025 ஏப்ரல்ல ராகுல் காந்தி அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்துக்குப் பேசப் போயிருந்தார். அங்கே ஒரு சீக்கியர் எழுந்து 1984 பற்றிக் கேட்டார். ராகுல் சொன்ன பதிலின் சாரம் இது: கட்சியின் தவறுகளில் பல நான் இல்லாத காலத்தில் நடந்தவை, ஆனாலும் காங்கிரஸ் தன் வரலாற்றில் செய்த எல்லாத் தவறுக்கும் பொறுப்பேற்க நான் தயார்.

1984-ல அவருக்கு வயசு 14. சுட்டுக் கொல்லப்பட்டது அவரோட பாட்டி. அப்படியிருக்க அவர் ஏன் பொறுப்பேற்கணும்? பொதுவாவே, ஒரு கட்சியை அதன் பழைய பாவங்களை வெச்சு எடை போடலாமா? இன்னிக்கு அதைத்தான் பேசப்போறோம்.

முதல்ல என்ன நடந்ததுன்னு பார்த்துடலாம். 1984 ஜூன்ல அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள்ள ராணுவம் நுழைந்தது. அக்டோபர் 31 காலையில், பிரதமர் இந்திரா காந்தியை அவருடைய சீக்கியப் பாதுகாவலர்கள் இரண்டு பேர் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த சில நாட்கள் டெல்லியில் சீக்கியர்கள் தேடித் தேடிக் கொல்லப்பட்டார்கள். திரிலோக்புரி, மங்கோல்புரி, சுல்தான்புரி, பாலம்னு ஏழைகள் குடியிருந்த பகுதிகள்லதான் பெரும்பாலான கொலைகள். அரசின் கணக்குப்படியே டெல்லியில் மட்டும் இறந்தவர்கள் 2,733 பேர். கான்பூர், பொகாரோ போன்ற ஊர்கள்லயும் கொலைகள் நடந்தன. கணவனை இழந்த பெண்களுக்காக அரசு திலக் விஹாரில் வீடுகள் ஒதுக்கியது. அந்த இடத்தை 'விதவைகள் காலனி'ன்னுதான் இன்னிக்கும் சொல்றாங்க.

உள்ளூர் காங்கிரஸ்காரர்கள் கும்பலை அழைச்சுட்டு வந்தாங்க, வாக்காளர் பட்டியலைப் பார்த்து வீடுகளை அடையாளம் காட்டினாங்கன்னு பிழைத்தவர்கள் சொன்னார்கள். அந்த நவம்பர் மாதமே இரண்டு மனித உரிமை அமைப்புகள் சேர்ந்து, யார் யார் பெயர் அடிபடுகிறது என்று ஓர் அறிக்கையாகவே வெளியிட்டன. ஆக, 'எங்களுக்குத் தெரியாது'ன்னு சொல்ற வாய்ப்பு கட்சித் தலைமைக்கு ஆரம்பத்துலயே இல்லை. நவம்பர் 19 அன்று, இந்திராவின் பிறந்தநாள் கூட்டத்தில், புதுப் பிரதமர் ராஜீவ் காந்தி பேசினார். பெரிய மரம் விழும்போது பூமி கொஞ்சம் அதிரத்தான் செய்யும் என்ற பொருளில் அவர் சொன்ன வாக்கியத்தை சீக்கியர்கள் இன்னிக்கும் மறக்கலை.

சரி, இதுக்கு இன்றைய கட்சி பொறுப்பில்லைன்னு சொல்றவங்க வைக்கிற வாதங்களை ஒவ்வொண்ணா பார்ப்போம். அவையெல்லாம் அசட்டு வாதங்கள் இல்லை.

முதல் வாதம்: ஜனநாயகத்துல மக்கள்தான் நீதிபதி, தேர்தல்தான் தீர்ப்பு. நெருக்கடி நிலைக்கு இது பொருந்தும். 1975-ல கொண்டு வந்தாங்க, 1977-ல இந்திராவே ரேபரேலியில் தோற்றார். 1980-ல அதே மக்கள் திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க. தண்டனையும் கொடுத்தாச்சு, மன்னிச்சும் ஆச்சு. ஆனா 1984-ல என்ன நடந்தது? கொலைகள் நடந்து இரண்டு மாசம்கூட ஆகலை, டிசம்பர்ல தேர்தல். காங்கிரஸுக்கு 400-க்கும் மேற்பட்ட இடங்கள். அதுவரை எந்தக் கட்சியும் பார்க்காத வெற்றி. கொலை நடந்த டெல்லியில் ஏழுக்கு ஏழு. காரணம் எளிமையானது. சீக்கியர்கள் இந்திய மக்கள்தொகையில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. நெருக்கடி நிலை கோடிக்கணக்கான பேரைத் தொட்டது, அவங்க கையில ஓட்டு இருந்தது. எண்ணிக்கையில் சின்ன ஒரு சமூகத்துக்கு நடந்த கொடுமைக்குத் தேர்தல் நீதிமன்றமாக முடியாது. அங்கே கொடுமை செய்தவர்களுக்கு ஓட்டு கூடவே செய்யலாம். அதனால 'மக்கள் தீர்ப்பு சொல்லியாச்சு' என்பது இங்கே பதில் ஆகாது.

இரண்டாவது வாதம்: அன்றைக்கு இருந்தவங்க வேற, இன்னிக்கு இருக்கறவங்க வேற. இது நியாயமான பேச்சு. பிறக்காத பிள்ளைமேல கொலைப்பழி போட முடியாது. ஆனா கட்சி என்பது ஆட்கள் மட்டும் இல்லையே! பெயர், சின்னம், சொத்து, தியாகிகளின் படங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் கட்சி. 1978-ல பிரிந்து வந்த இந்திரா காங்கிரஸ்தான் 1984-ல ஆண்டது. அந்தக் கட்சி 1885-ல தொடங்கிய பாரம்பரியம் முழுவதையும் தன்னுடையதுன்னு சொல்லிக்கொள்கிறது. உப்பு சத்தியாகிரகத்தின் பெருமை வேணும், 1984-ன் பொறுப்பு மட்டும் வேண்டாம்னா எப்படி? அப்பா விட்டுப்போன வீட்டை எழுதி வாங்கிக்கிட்ட பிள்ளை, அதே வீட்டு மேல இருக்கற கடனை எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது.

ஆனா என்னைப் பொறுத்தவரை இந்த வாதத்துக்கு இன்னும் வலுவான பதில், அதுக்கப்புறம் வந்த வருஷங்கள்ல இருக்கு.

சஜ்ஜன் குமாரை எடுத்துக்குவோம். 1984 நவம்பர்ல புறநகர் டெல்லியின் காங்கிரஸ் எம்.பி. அவர் பெயர் அப்போதே பிழைத்தவர்கள் வாயில் இருந்தது. 1991-ல கட்சி அவருக்கு சீட் கொடுத்தது, ஜெயித்தார். 2004-ல மறுபடியும் சீட், மறுபடியும் வெற்றி. 2009 ஏப்ரல்ல மறுபடியும் வேட்பாளர். அப்போ உள்துறை அமைச்சர் நம்ம சிவகங்கைக்காரர் ப.சிதம்பரம். அவருடைய பத்திரிகையாளர் சந்திப்பில் ஜர்னைல் சிங் என்ற சீக்கியப் பத்திரிகையாளர் 1984 வழக்கு பற்றிக் கேள்வி கேட்டார். பதிலில் திருப்தி இல்லாமல் ஷூவைத் தூக்கி எறிந்தார். அதுக்கப்புறம்தான் சஜ்ஜன் குமாருக்கும் ஜக்தீஷ் டைட்லருக்கும் கொடுத்த சீட்டைக் கட்சி திரும்ப வாங்கியது. சஜ்ஜன் குமாரின் தம்பி ரமேஷ் குமாருக்குத் தெற்கு டெல்லி கொடுக்கப்பட்டது, அவர் ஜெயித்தார். டைட்லர் குற்றச்சாட்டுகளை மறுக்கிறார். நீதிமன்றம் பேச வேண்டியதை நான் பேசப் போறதில்லை.

2018 டிசம்பர் 17. டெல்லி உயர் நீதிமன்றம், கீழ் நீதிமன்றத்தின் விடுதலைத் தீர்ப்பை ரத்து செய்து, சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்த அமர்வில் இருந்தவர் எஸ்.முரளிதர், 1984-ல் சென்னையில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கியவர். குற்றவாளிகள் அரசியல் ஆதரவால்தான் இத்தனை காலம் தப்பித்தார்கள்னு தீர்ப்பு வெளிப்படையாகவே சொன்னது. மறுநாள் சஜ்ஜன் குமார் காங்கிரஸிலிருந்து விலகினார். கவனிங்க, கட்சி அவரை நீக்கலை. அவரே விலகினார். 34 வருஷம் கழிச்சு! 2025 பிப்ரவரியில் இன்னொரு கொலை வழக்கிலும் அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

விசாரணைகளின் கதையும் இதேதான். 1985-ல் அமைக்கப்பட்ட ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், வன்முறையைக் காங்கிரஸ் ஒரு கட்சியாகத் திட்டமிடவில்லை என்றது. அந்த மிஸ்ரா பின்னாளில் இந்தியத் தலைமை நீதிபதி ஆனார், 1998-ல் காங்கிரஸின் மாநிலங்களவை உறுப்பினரும் ஆனார். இரண்டுக்கும் தொடர்பு இருந்ததுன்னு நான் சொல்லலை. ஆனா திலக் விஹாரில் இருந்து பார்க்கிறவங்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? 72 போலீஸ் அதிகாரிகள் கடமை தவறியதாக 1990-ல் ஒரு குழு பெயர் குறிப்பிட்டது. பெரும்பாலோர் மீது எதுவும் நடக்கலை.

மூன்றாவது வாதம்: அதான் மன்னிப்பு கேட்டாச்சே. உண்மைதான். நானாவதி ஆணைய அறிக்கை வெளியானதும், 2005 ஆகஸ்ட்ல பிரதமர் மன்மோகன் சிங் மாநிலங்களவையில் வெட்கத்தால் தலைகுனிகிறேன் என்று சொல்லி, சீக்கியர்களிடமும் நாட்டிடமும் மன்னிப்புக் கேட்டார். அது சின்ன விஷயம் இல்லை. இந்தியாவில் ஒரு பிரதமர் இப்படிப் பேசுவது அபூர்வம். ஆனா தலைகுனிந்தவரும் ஒரு சீக்கியர். அதுக்கு நாலு வருஷம் கழிச்சு, முதல்ல கொடுத்த சீட் பட்டியல்ல அதே பெயர்கள் இருந்தன. வாய் மன்னிப்புக் கேட்டது, கை சீட்டை நீட்டியது.

நான்காவது வாதம்: மத்தவங்க மட்டும் யோக்கியமா? டிவி விவாதத்துல பாருங்க. ஒருத்தர் 2002 குஜராத்னு ஆரம்பிச்சா, எதிர்ல இருக்கறவர் 1984-ன்னு முடிப்பார். இரண்டு பேரும் திருப்தியா வீட்டுக்குப் போவாங்க. இரண்டு இடத்துலயும் செத்தவங்க குடும்பத்துக்கு இதுல ஒண்ணும் கிடைக்காது. எதிராளியின் குற்றம் நம்ம குற்றத்துக்கு ரசீது இல்லை. நான் இன்னிக்கு காங்கிரஸை எடுத்துக்கிட்டேன். இதே தராசில் பாஜகவையும், இடதுசாரிகளையும், நம்ம ஊர் கட்சிகளையும் நிறுத்திப் பார்க்கலாம், பார்க்கணும்.

பஞ்சாபை மறந்துட முடியாது. 1984-ல பொற்கோயில் நடவடிக்கையை எதிர்த்து எம்.பி. பதவியையும் காங்கிரஸையும் உதறியவர் அமரீந்தர் சிங். பிற்பாடு காங்கிரஸுக்கே திரும்பினார். 2002-லயும் 2017-லயும் அவர் தலைமையில் பஞ்சாபில் காங்கிரஸ் ஆட்சியைப் பிடித்தது. அப்போ சீக்கியர்கள் மறந்துட்டாங்களா? இல்லை. சாலை, விவசாயக் கடன், போதைப்பொருள்னு நிகழ்காலத்துக்காக ஒரு கட்சிக்கு ஓட்டுப் போடுவது வேற, அதன் பழைய கணக்கைத் தள்ளுபடி செய்வது வேற. ஒரே மனுஷனால இரண்டையும் தனித்தனியா வெச்சுக்க முடியும்.

அப்போ நம்ம கேள்விக்கு என்ன பதில்? மூணு விஷயத்தைக் கேட்டுப் பார்க்கலாம்னு நினைக்கிறேன். அந்தத் தவறால கிடைத்த ஆதாயத்தைக் கட்சி இன்னும் வெச்சிருக்கா? பழி சுமத்தப்பட்டவர்களுக்கு வழக்கு முடியும் முன்னாடியே பதவி கொடுத்ததா? பாதிக்கப்பட்டவங்க நீதிமன்றப் படி ஏறினப்போ கட்சி எந்தப் பக்கம் நின்னது? நாப்பது வருஷத்துக்கு முந்தைய கொலைக்கு இன்றைய தொண்டன் பொறுப்பில்லை. ஆனா இந்த மூணும் அந்தச் சில நாள் கணக்கு இல்லை, அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் புதுசா எடுத்த முடிவுகள். கட்சியை எடை போட வேண்டியது அதை வெச்சுத்தான்.

ராகுல் பொறுப்பேற்கத் தயார்னு சொன்னதை நான் வரவேற்கிறேன். அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்புன்னு அடுத்த வேட்பாளர் பட்டியல் சொல்லும். உங்க கருத்தை எழுதுங்க, அடுத்த எபிசோடில் பேசலாம்.